எண்பத்தைந்து யூரோ

வூப்பர்டாலில், தலைகீழாய்த் தொங்கி ஓடும் ரயிலுக்குக் கீழே
ஞாயிற்றுச் சந்தையில் வாங்கினோம்.
பனி மூடிய கரிக்கிடங்கு, சாத்திவைத்த ஏணி, ஊதா வானம்.
நூற்றிருபது என்றார் கிழவர்.
சுகிர்தா விறுவிறென்று நடந்தாள்,
மீன்பொரியல் கடைவரை போய்த் திரும்பி வந்தாள்.
எண்பத்தைந்து.

முதல் வாரம் கோப்பியோடு அதன் முன் நின்றோம்.
ஏணியை எடுக்க மறந்தது யார் என்று
சண்டைகூடப் பிடித்தோம்.

பிறகு அதன் கீழே ஹீட்டரில் காலுறைகள் காய்ந்தன.
சட்டத்தின் மூலையில் வரிக் கடிதம் ஏறியது.
ஒரே பக்கம் படுத்த கையைப் போலக்
கண்ணும் மரத்துப்போகும் போலிருக்கிறது,
வலிக்காமல்.

மேல்மாடிக்கு ஹைகே வந்தாள், வெறுஞ் சுவர்களோடு.
கொண்டுபோங்கள் என்றேன்.
ஆணியை மட்டும் வைத்துக்கொண்டோம், நாட்காட்டிக்கு.

நேற்று எங்களுக்கு வந்த பார்சலை எடுக்க மேலே போனேன்.
ஜன்னலுக்கு எதிரே அது.
ரயில் கடந்தது. அதன் வெளிச்சம்
கரிக்கிடங்கின் குறுக்கே ஒருமுறை நடந்தது.
ஏணிக்குக் கீழே ஒரு நாய்.
பனிக்குள் பனி நிறத்தில்,
ஒரு காதை மட்டும் உயர்த்தியபடி.

நான்கு வருடம் எங்கள் வீட்டில் இருந்த நாய்.

"இந்த நாய்..." என்றேன்.
"எந்த நாய்?" என்றாள் ஹைகே,
பார்சலைத் தேடிக்கொண்டே.
சட்டத்தின் மூலையில் அவளுடைய மழைக்கோட்டு
சொட்டிக்கொண்டிருந்தது.

கீழே வந்து சுகிர்தாவிடம் சொன்னேன்.
வெங்காயம் வெட்டியபடி நிமிராமலே சொன்னாள்:
"தெரியும். அண்டைக்கு நான் திரும்பி வந்ததே
அந்த நாய்க்காகத்தான்."