காந்தக் கொளுக்கிகள்

ஒன்பது மாதம் கப்பலில் நின்றுவிட்டு
ஒட்டுசுட்டானுக்கு வந்த என் மனிசன் தவநேசன்
சொக்லேற்றுக்கு முதல் வெளியில் எடுத்தது
பன்னிரண்டு காந்தக் கொளுக்கி.

"கபின் சுவர் முழுக்க இரும்பு.
தொப்பி, ஈர உடுப்பு, எல்லாம் இதிலதான் தொங்கும்."
எங்கள் சுவரும் தகரம்தானே,
டக் டக்கென்று ஒட்டிக்கொண்டன.

குடை ஏறியது, அகப்பை ஏறியது,
மகளின் பள்ளிக்கூடப் பை.
மண்வெட்டிக்குத் தாங்காமல் ஒன்று விழுந்தது.
பெரிய சூட்கேசுக்குள் சின்னது,
அதற்குள் மாரிக்கு உடுக்கிற சுவெற்றர்கள்,
எல்லாம் கட்டிலுக்குக் கீழே.
பத்துக்குப் பன்னிரண்டு அடிக்குள்
கை இரண்டையும் விரித்துச் சோம்பல் முறித்தேன்,
ஒன்றும் இடிக்கவில்லை.

பிறகு கதவடியில் கிடந்த நீலப் பையைத் தூக்கினான்.
"இதையும் மேல..."
"அதை வை."
காணி உறுதி, பிறப்புப் பத்திரங்கள்,
அண்ணாவின் ஒரேயொரு படம்,
பொலித்தீனில் இரண்டு சுற்று.

கேள்வி கேட்கவில்லை.
வைத்தான், கைபிடி வாசலைப் பார்க்க.
கொஞ்சம் பொறுத்துச் சொன்னான்:
"அலுமாரியில மேல்தட்டு ஒண்டு இருக்கு,
உயிர்காப்பு அங்கிக்கு மட்டும்.
எவ்வளவு காசு கட்டி வந்தாலும்
அதில ஒரு துவாய் வைக்க விடமாட்டம்."

மிஞ்சின கொளுக்கியில்
அவன் சாரம்.