இடது பக்கம் லூசு

"இடது பக்கம் கொஞ்சம் லூசு வைங்க மதினி,
துணி உரசுது"
என்றாள் முப்பிடாதி.

முக்கூடல் பஜாரில்
செருப்புக் கடைக்கு மேல்மாடி.
ஒரு மிஷின், ஒரு கண்ணாடி, ஒரு பச்சைத் திரை.
திரைக்கு வெளியே ஊர்.
உள்ளே
புருஷனிடம் சொல்லாததை
இஞ்ச் டேப்பிடம் சொல்லிவிடுகிறார்கள்.

அளவு நோட்டைப் புரட்டினேன்.
தீபாவளிக்கு முப்பத்தாறு, கொடைக்கும் முப்பத்தாறு.
பிறகெதற்கு லூசு?

"ஒண்ணுமில்ல. பட்டாணி கணக்கா ஒரு கட்டி.
வலிக்கவே இல்ல.
வலிச்சாப் பாக்காமலா இருப்பேன்?"

நாளைக்கு ஆயிரம் பீடி சுற்றுகிறவள்.
கரண்ட் போன ராத்திரியிலும்
தூளுக்குள் கிடக்கும் காம்புத் துணுக்கைத்
தடவி எடுத்து எறிகிறவள்.
இலையில் நரம்பு தடித்திருந்தால்
கண்ணுக்கு முன்னே விரலுக்குத் தெரியும்.
அந்த விரல்களுக்கு
இதுவும் தெரிந்திருக்கிறது,
ஆடியிலிருந்து.
இப்போது கார்த்திகை.

வேலம்மை டீச்சர் என்று ஒருத்தி.
இதே கண்ணாடி முன் நின்று
அரை இஞ்ச் கேட்டாள்.
தையற்காரிக்கு எதற்கு அடுத்தவள் உடம்புக் கதை என்று
அரை இஞ்ச் விட்டேன்.
அடுத்த வருஷம் ஒரு இஞ்ச்.
"உங்க தையல்தான் உறுத்தாம இருக்கு" என்றாள்,
எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.
அதற்கடுத்த வருஷம் அவள் மகள்
பதினோரு ஜாக்கெட்டைப் பையில் கொண்டுவந்து
"எனக்கு ஆவுற மாதிரி பிடிச்சுக் குடுங்க" என்றாள்.
நான் விட்ட துணியை
நானே பிடித்துத் தைத்தேன்,
பதினோரு முறை.

டேப்பைச் சுருட்டிவிட்டேன்.
"தைக்க மாட்டேன்."
"என்ன மதினி, கூலி கூட வேணுமா?"
"ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிச் சீட்டு வேணும்.
அதக் கொண்டா, சும்மாவே தச்சுத் தாரேன்."

சனிக்கிழமை கடைக்குப் பீடி குடுக்கணும் என்றாள்.
ஆம்பளை டாக்டரா இருந்தா என்றாள்.
மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற நேரம் என்றாள்.
அந்த நோயின் பேரை அவள் சொல்லவில்லை,
நானும் சொல்லவில்லை.
ஆனால் புதன்கிழமை
இரண்டு பேரும் சேர்மாதேவி வழி பஸ்ஸில் இருந்தோம்.
பாளையங்கோட்டை வரும்வரை
டிக்கெட்டைப் பீடியாகச் சுற்றி,
தலை மடக்கி,
பிரித்து,
மறுபடி சுற்றிக்கொண்டிருந்தாள்.

வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் சேர்த்து
நர்ஸம்மா சொன்னாள்:
"நுனி விரலால இல்ல, விரலோட வயித்தால.
வட்டம் வட்டமா, கக்கம் வரைக்கும்.
மாசத்துக்கு ஒரு நாள், விலக்கு முடிஞ்ச பெறவு.
கண்ணாடியிலயும் பாக்கணும், குழி சுருக்கம் உண்டான்னு.
ஏதாச்சும் தட்டுப்பட்டா
வலிக்கட்டும்னு காத்திருக்காதிய. இங்க வந்துருங்க."
யாரோ ஒருத்தி சிரித்தாள்.
பிறகு அவளும் முந்தானைக்குள் கையை விட்டாள்.

படம் எடுத்தார்கள், ஊசி குத்தினார்கள்.
பத்தாம் நாள் டாக்டர் சொன்னது:
"அதுதான். ஆனா சின்னது.
இன்னும் கக்கத்துக்குப் போகல."
முப்பிடாதி 'சின்னது' என்பதைப் பிடித்துக்கொண்டாள்.
எனக்கு
'இன்னும்' என்ற சொல்லில்
டீச்சரின் பதினோரு ஜாக்கெட்டும் தொங்கின.

ஆவணியில் வந்தாள்.
தலையில் புல் முளைத்தமாதிரி மயிர்.
இடது கையைச் சுவரில் ஏற்றி ஏற்றி
இப்போது மேல் பரண்வரை எட்டுகிறதாம்.
வலதுக்கு ஒன்று, இடதுக்கு ஒன்று என்று
நோட்டில் இரண்டு அளவு எழுதினேன்.
"சீட்டு கேட்டியள்லா, இந்தாங்க"
என்று ஆஸ்பத்திரி ஃபைல் முழுவதையும்
கட்டிங் டேபிளில் வைத்தாள்.
"நாலு ஜாக்கெட். சும்மா."
சவத்துக்குப் பிறந்தவள், லைனிங் துணிகூடக் கொண்டுவரவில்லை.

அவள் படியிறங்கிய பின்
திரையை இழுத்துவிட்டேன்.
நானூறு பெண்களின் அளவுள்ள நோட்டில்
எனக்குப் பக்கம் இல்லை.
கடைசித் தாளில் 'ராஜகனி' என்று எழுதி
தேதி போட்டேன்.
கொக்கிகளைக் கழற்றினேன்.
கீழே யாரோ
ஒன்பதாம் நம்பர் செருப்புக்கு
விலை பேசிக்கொண்டிருந்தார்கள்.