மாசியில் சட்டி மாற்றுதல்

நேற்றிரவு தவளை கத்தவில்லை.
அவ்வளவுதான், மாரி போய்விட்டது.
காலை வெயில் மதிலைத் தாண்டித்
தொட்டிக்குள் இறங்கி
அடியில் என்னென்ன கிடக்கிறதென்று காட்டிற்று.

தொட்டி என்றால் குளியல் தொட்டி.
உப்புவெளியில் ஒரு ஹோட்டலை இடித்தபோது
மூவாயிரத்துக்கு வாங்கி
லான்ட்மாஸ்டரில் ஏற்றிக் கொண்டுவந்தது.
எந்த வெள்ளைக்காரன் எந்த விடுமுறையில்
இதற்குள் கால்நீட்டிக் கிடந்தானோ,
இப்போது அல்லி கிடக்கிறது.

மூன்று மாத மழை.
இலைகள் மஞ்சள், ஓரம் கருகி, நடுவில் ஓட்டை.
வேப்பஞ்சருகு ஊறி
தண்ணீர் வெறுந்தேத்தண்ணி நிறம்.
கப்பி மீன் எத்தனை மிச்சமென்று எண்ணினேன்.
பதினொன்று. பிறகு ஒன்பது. மறுபடி பதினொன்று.
எண்ணுவதை விட்டேன்.

மாசியில் சட்டி மாற்ற வேண்டும்.
அல்லிக்குத் தெரியும், எனக்கும் தெரியும்,
கிழங்கு தந்த கிண்ணியா ரிஸ்மியா
போனிலும் சொல்லிவிட்டாள்:
"இப்ப மாத்தாட்டி, பூவக் கனவுலதான் பாப்பீங்க."
ஆனால் அந்தச் சட்டி
ஒரு வருசம் தண்ணீர் குடித்த களி.
தனியாளுக்கு அசையாது.

குகநேசனோடு நான் பேசி நாலு நாள்.
டிப்போவில் கூட வேலைசெய்யும் ஒருவனுக்கு
ஆறு லட்சத்துக்குப் பிணை நின்று
கையெழுத்தும் வைத்துவிட்டு வந்து சொன்னவன்.
சோறு மேசையில் இருக்கும். சாப்பிடுவான்.
பீங்கானைக் கழுவி வைப்பான்.
கழுவுகிற சத்தம் மட்டும்
தேவைக்குக் கொஞ்சம் கூட.

சட்டையை முழங்காலுக்கு மேல் முடிந்துகொண்டு இறங்கினேன்.
முழங்கைவரை, பிறகு தோள்வரை.
களப்பு வற்றிய நாளின் மணம் கிளம்பியது.
விளிம்பு அகப்பட்டது.
இழுத்தேன்.
தொட்டி என்னை இழுத்தது.

"பிடி" என்றேன்.

யாரிடம் சொன்னேனென்று
ஒரு கணம் எனக்கே தெரியவில்லை.
கொடியில் சாரம் காயப்போட்டவன்
அதைப் பாதியில் தொங்கவிட்டு வந்தான்.
மற்ற விளிம்பைப் பிடித்தான்.
ஒன்று, இரண்டு,
மூன்றை இருவருமே சொல்லவில்லை,
தூக்கினோம்.
களக் என்றது சேறு,
மனமில்லாமல் கடனைத் திருப்பித் தருகிறவனைப்போல.

கவிழ்த்தோம்.
கறுத்து, வேர்மயிர் அடர்ந்து,
கை நீளத்துக்குக் கிழங்கு.
விரல் அமிழ்ந்த இடமெல்லாம் அழுகல்.
கறிக்கத்தியால் வெட்டினேன்.
"அந்தப் பக்கமும்" என்றான்.
"அது நல்ல பக்கம்."
எடுத்து முகர்ந்து பார்த்தான்.
நல்ல பக்கம்தான்.

தம்பலகாமத்து வயற்களி ஓர் உரப்பை.
பழைய பேப்பரில் சுற்றிய எலும்புத்தூள் மூன்று பொட்டலம்,
களிக்குள் ஆழ அமுக்க.
மேலே ஆற்றுமணல்; கடல்மணல் ஆகாது, உப்பு.
முளை மட்டும் வெளியே,
போர்வைக்கு வெளியே மூக்கை நீட்டித்
தூங்குகிறவரைப்போல.

பின்னேரம் பீ.எச்.ஐ. வந்தார்.
டெங்குக் காலம். தொட்டிக்குள் டோர்ச் அடித்தார்.
"கப்பி விட்டிருக்கு, சேர்" என்றோம்
இருவரும் ஒரே நேரத்தில்.
"எத்தனை?"
"பதினொன்று" என்றேன்.
"ஒன்பது" என்றான் அவன்.

அவனும் எண்ணியிருக்கிறான்.

கடன் கடனாகவே இருக்கிறது.
இரவு அதைப் பற்றிப் பேசினோம்,
பக்கத்து வீட்டு லைட் எரியுமளவுக்கு.

விடியுமுன் மான் வந்தது.
கோட்டைப் பக்கமிருந்து இறங்கி
மரக்கறிக் கடைக் குப்பையில் மேய்கிற கூட்டத்தில் ஒன்று.
திறந்துகிடந்த கேற்றால் நுழைந்து,
தொட்டி விளிம்பில் தாடையை வைத்து,
மிஞ்சியிருந்த ஒரே பச்சை இலையைத்
தண்டோடு இழுத்து மென்றது.
யன்னலில் நாங்கள்.
கைதட்டினால் ஓடிவிடும்.
இருவரும் தட்டவில்லை.

போகட்டும், முளை களிக்குள் இருக்கிறது.
கேற்றை யார் மூடாமல் விட்டது
என்பதுதான்
இன்றைய சண்டை.