மூன்றாவது கயிறு

பெட்ரோலைத்தான் முதலில் கடலில் விடுகிறோம்,
தூண்டிலை அப்புறம்.
பன்னிரண்டு லிட்டர். பாதி என் காசு,
பாதி அடெரிட்டோவின் காசு.
பதினைந்து குதிரை எஞ்சினும் அப்படியே:
கோபம் வந்தால்
மேல்மூடி அவனுக்கு, விசிறி எனக்கு
என்று பிரித்துப் பேசுவோம்.

மோந்தே த்ரீகுக் கரையிலிருந்து பார்த்தால்
நாங்கள் சும்மா உலாத்துவதுபோல் இருக்கும்.
மூன்று பாகம் நீளப் படகு,
பின்னால் மூன்று கயிறு.
குட்டைக் கயிறு எஞ்சின் நுரைக்குள்ளேயே.
பெரிய மீன் சத்தத்துக்கு மிரண்டோடும் என்பவர்கள்
மீனைத் தட்டில் மட்டும் சந்தித்தவர்கள்.
என்ன கலவரம் என்று பார்க்க வரும் அது,
பக்கத்து வீட்டுச் சண்டைக்கு
சன்னல் திறப்பதுபோல.

நேராக ஓட்டாதே, என்கிறேன்.
தெரியும், என்கிறான்.
பாம்பாய் வளைந்து போனால்
உள்பக்கக் கயிறு தளர்ந்து தூண்டில் அமிழும்,
வெளிப்பக்கம் வெறிபிடித்து ஓடும்.
எது கடிபடுகிறதோ
அதுதான் இன்றைக்கு மீனின் வேகம்.
நேற்றைய வேகத்தோடு வருகிறவன்
பெட்ரோல் வாசனையோடு வீடு திரும்புவான்.
நேற்று நாங்கள் அப்படித்தான் திரும்பினோம்.
யாரால் என்பதில்
இன்னும் உடன்பாடில்லை.

பத்தரை மணி.
நீர் நிறம் மாறுகிற கோட்டில்
உடைந்த மரப்பெட்டி ஒன்று மிதந்தது.
அதைச் சுற்றி வளைக்கையில்
உள்பக்கக் கயிறு.

கடி என்று சொல்ல முடியாது.
யாரோ கதவை இழுத்துச் சாத்தின மாதிரி.
நிறுத்தாதே, பத்து எண்ணு,
முள் ஆழ இறங்கட்டும்!
ஆறு வரை எண்ணினோம்.
ஏழில் எஞ்சின் தானாகவே நின்றது.
நடுவில் பெட்ரோல் ஊற்றியபின்
கலன் மூடியின் காற்றுத் திருகைத்
திறக்க மறந்தது யார் என்று
அவனும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

சின்னப் படகில் கயிற்றைக் கட்டக் கூடாது.
விரலில் சுற்றக் கூடாது.
கத்தி கைக்கு எட்ட வேண்டும்.
அணியத்தை மீனின் பக்கம் கொடுத்துவிட்டால்
படகையே இழுக்கட்டும், களைக்கட்டும்.
இழுத்தது.
நீவாட்டுக்கு எதிராக, காற்றுக்கு எதிராக,
எங்கள் கரையைப் பார்த்து.

அடெரிட்டோ துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு
மலைச்சரிவின் வெள்ளை வீட்டைக் குறிவைத்து அளந்தான்:
"அரை மைல். இலவசம், சுல்மிரா!"
ஒரு வாரத்தில் அன்றுதான் சிரித்தான்.
எனக்குச் சிரிக்க நேரமில்லை,
உள்ளங்கை எரிந்துகொண்டிருந்தது.

பிறகு ஆழத்தில் வட்டம்.
சூரை.
சுற்றுக்கு ஒரு முழம் கயிறு தந்தது,
வட்டிக்காரன் தள்ளுபடி தருவதுபோல்.
ஒரு மணி நேரம் கழித்துக் கொக்கியை நான் போட்டேன்,
படகு கவிழாமலிருக்க
எதிர் விளிம்பில் தொங்கினான் அவன்.

எழுபது கிலோ இருக்கும்.
உள்ளே விழுந்து
எங்கள் இருவர் இடத்தையும் எடுத்துக்கொண்டது.
விளிம்புக்கும் கடலுக்கும் நடுவே நான்கு விரல்.
நங்கூரக் கல்லை எறிந்தோம்.
அடெரிட்டோ தன் செருப்பையும் எறிந்தான்,
எதற்கென்று இன்றுவரை தெரியாது.

திருகைத் திறந்ததும் எஞ்சின் பேசியது.
சிக்கிய கயிறு ஒன்றை அப்போதே அறுத்திருந்தோம்.
பாதி வழியில்தான் பார்த்தேன்,
மூன்றாவது கயிறு
பின்னால் வந்துகொண்டே இருந்தது.

கலனை ஆட்டினான் அவன்.
இரண்டு விரல் ஆழம்.
எஞ்சின் பிடியில் கை வைத்தபடி என்னைப் பார்த்தான்.
நான் விளிம்பைப் பார்த்தேன்.

நேராகப் போ, என்றேன்.
தெரியும், என்றான்.

கயிற்றை மட்டும்
இருவருமே சுருட்டவில்லை.