கூடுதலாய்க் கிடைத்த ஒரு மணி நேரம்

இன்று விடியற்காலை நான்கு மணியை
மூன்றாக்கிவிட்டது பின்லாந்து அரசாங்கம்.
மிச்சமான ஒரு மணி நேரத்தை
வண்டிக்குக் கொடுத்தாள் இர்மெலி.

இனி ஆறு மாதம்
எங்கும் போகாத வண்டிக்குத்தான்
டேங்க் முட்ட முட்ட பெட்ரோல்.
கொஞ்சம் இடம் விட்டாலும்
ஈரக்காற்று குடியேறும்,
பின்னாலேயே துரு.

ஆயிலை இறக்கினாள்.
நார்வே வரை போய்வந்த சாலை முழுவதும்
கறுத்துச் சொட்டியது
பழைய வெண்ணெய் டப்பாவில்.

சைலன்சர் வாய்க்குக்
கம்பி நார் உருண்டை.
போன வருஷம் எலியொன்று உள்ளே குடித்தனம் நடத்தி,
ஏப்ரலில் முதல் முறுக்கிலேயே
அதன் மெத்தை தலையணை எல்லாம்
ஓஸ்மோவின் வெள்ளைக் கார் மேல்.

பேட்டரியில் முதலில் கழற்றுவது எந்த முனை
என்று வருஷா வருஷம் நின்று யோசிப்பாள்.
மைனஸ்.
கயானியில் எல்லாமே
மைனஸில்தான் ஆரம்பம்.

கோட்டுக்குள் வைத்து மாடிக்குக் கொண்டுபோய்
துணி அலமாரியின் இடப்பக்கத் தட்டில் வைத்தாள்.
அந்தத் தட்டு
மார்ச்சிலிருந்து காலி.

ஹேண்டிலில் ஒரு சீட்டு கட்டினாள்:
'கிளப்புமுன் நாரை எடு.'
ஏப்ரலில் இதைப் படிக்கப் போகிறவளிடம்
இன்னும் ஏதோ கேட்க வேண்டும்போல் இருந்தது.
குளிரில் பேனா எழுதவில்லை.
உள்ளங்கையில் உருட்டி, ஊதி,
மறுபடி கீறி,
'டயரில் காற்று பார்'
என்று மட்டும் சேர்த்தாள்.

உறை போட்டு, ஷெட்டைப் பூட்டி வெளியே வந்தால்
மணி நாலரை. கும்மிருட்டு.
காலையில் கொடுத்ததை
வட்டியோடு
பிடித்துக்கொண்டு விட்டார்கள்.