நாற்பதுக்குக் கீழே

மூன்று மாத வாடகைக்குப் பதிலாக
நவநீதன் விட்டுப்போனது
ஒரு கண்ணாடித் தொட்டி,
அதற்குள் முள்தாடி வைத்த ஒரு பல்லி,
சுவரில் ஒட்டிய துண்டுத்தாள்:
"அக்கா, ஈரம் நாற்பதுக்கு மேல போக விடாதீங்க."

அவன் எண்ணைக் கூப்பிட்டால்
அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

பாடாங் செராயில்
நாற்பதுக்கு நான் எங்கே போவேன்?
இங்கே உப்பு ஜாடிக்குள்ளேயே அழும்.
தீப்பெட்டி மூன்றாம் குச்சிக்குத்தான் சம்மதிக்கும்.
கல்யாணப் பட்டை விரித்தால்
மடிப்பில் பூஞ்சை புள்ளி வைத்திருக்கும்.
மழை விட்ட பிறகும் செம்பனைத் தோட்டம்
தன் கணக்கில் ஒரு மணி நேரம் பெய்யும்.

எனக்கு எண்ணெய் மில் ஆய்வுக்கூடத்தில் வேலை.
பருப்பின் ஈரம் ஏழைத் தாண்டினால்
என்சிக் ஹம்சா முகம் கோணும்.
எடை போட்டு, அடுப்பில் காயவைத்து,
மறுபடி எடை போட்டு,
காணாமல் போனது எவ்வளவோ
அதுவே ஈரம் என்று எழுதுவேன்.
பதினோரு வருடமாகக்
காணாமல் போனதை எழுதுகிற வேலை.

அதனால் கண்ணாடியில் ஒட்டியிருந்த வட்ட மானி
எனக்கு அந்நியமில்லை.
முள் எழுபத்தெட்டில் நின்றது.
பல்லி வாயைத் திறந்து படுத்திருந்தது.
விளக்கடிச் சூட்டை ஆற்றுகிறது என்றிருந்தேன்.
விளக்கணைத்த பிறகும் வாய் மூடவில்லை.
மூச்சில் ஒரு மெல்லிய விசில்.
மூக்கோரம் ஒரு குமிழி.

சுங்கை பட்டாணியில் மிருக டாக்டர் ஓங்
ஊசி போட்டார்,
நூற்றெண்பது ரிங்கிட் வாங்கினார்,
தண்ணீர்க் கிண்ணம் எங்கே என்று கேட்டார்.
விளக்குக்குக் கீழே, என்றேன்.
"அது கிண்ணமில்லை, சூப்பு."

அன்றிரவே கிண்ணம் குளிர்ந்த மூலைக்குப் போனது.
தேங்காய்த்தூள் படுக்கையை வாரிக் கொட்டிவிட்டு
சமையலறையில் மிஞ்சிய டைல்ஸ் இரண்டு போட்டேன்.
மூடியின் பிளாஸ்டிக்கைப் பெயர்த்துக்
கம்பிவலை அடித்தேன்.
கீரையை உதறி, துடைத்து, ஊட்டினேன்,
என் தட்டுக்கு ஒருநாளும் செய்யாத உபசாரம்.
காலணிப் பெட்டிகளில் கிடக்கும்
'தின்னாதே' பொட்டலங்களை
மில் முழுக்கக் கேட்டு வாங்கி
வலைக்கு வெளியே தொங்கவிட்டேன்.
எழுபத்தொன்று.

கடைசியில் ஈரம் உறிஞ்சும் யந்திரம்,
தவணையில்.
விடிந்து பார்த்தால் அதன் வயிற்றில்
இரண்டு லிட்டர் தண்ணீர்.
இவ்வளவு நீருக்குள்ளா
நான் இத்தனை வருடம் தூங்கினேன்?

மின்சாரம் போன இரவில்
யந்திரமும் விளக்கும் சேர்ந்து செத்தன.
பல்லியைத் துண்டில் சுற்றி
நெஞ்சின்மேல் போட்டுக்கொண்டு
இருட்டில் அதன் மூச்சை எண்ணினேன்.
விசில் இல்லை.

அறுபது. ஐம்பத்திரண்டு.
மார்ச் மாத மதியம் ஒன்றில், முப்பத்தெட்டு.
யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.
பல்லியிடம் சொன்னேன்.
அது முன்கால் ஒன்றைத் தூக்கி
மெல்ல வட்டமிட்டு அசைத்தது.
டாட்டா காட்டுது ஆண்ட்டி, என்றான்
பக்கத்து வீட்டு ஹரிஷ்வர்மன்.
பயந்தால்தான் அப்படிச் செய்யுமாம்,
பிறகு தெரிந்தது.

ஜூனில் தோல் உரித்தது.
முதுகு கழன்றது, வால் கழன்றது,
பின்கால் நடுவிரலில் மட்டும்
ஒரு வெள்ளை வளையம் இறுகிக்கொண்டது.
விட்டால் விரல் கறுத்து உதிரும்.
அவிழ்க்க வேண்டுமென்றால்
ஈரம்தான் வேண்டும்.

எட்டு மாதம் துரத்தியடித்ததை
பேசினில் கணுக்கால் ஆழம் ஊற்றி
வெதுவெதுப்பாக அழைத்தேன்.
பதினைந்து நிமிடம்.
பழைய பல்துலக்கி,
நுனியை நோக்கி மட்டும், இழுக்காமல்.
நாலாம் நாள் கழன்று வந்தது,
உமியளவு.

ஆகஸ்டில் நவநீதன் ஜொகூரிலிருந்து பேசினான்.
வாடகையைப் பற்றி என்னவோ ஆரம்பித்து
பாதியில் விட்டுவிட்டு,
"பாஸ் இருக்கானா அக்கா?" என்றான்.

தோட்டத்துப் பக்கமிருந்து
கறுத்துக்கொண்டு வந்தது வானம்.
மானியைப் பார்த்தேன்.
"நாற்பத்திரண்டு."

அந்தப் பக்கம் லோரி இரைச்சல்.
பிறகு,
"ரெண்டு கூடுதே" என்றான்.