பேய்ப் பட்டியல்

சம்பளச் சீட்டின் பின்பக்கம்தான்
எங்கள் வீட்டில் கிடைக்கிற வெள்ளைத் தாள்.
முன்பக்கம் முழுக்கக் கழிவுகள்:
தீபாவளி அட்வான்ஸ், கோயில் பணம், சங்கச் சந்தா, தேயிலைத்தூள்.
பின்பக்கம் யதுஷிகா எழுதுகிறாள்:
‘ஹாலோவீன். முப்பத்தோராம் தேதி. ஆறு மணி.
எடம், எங்க காம்பரா.’

போனில் பார்த்தாளாம்.
பூசணிக்காய்க்குள் விளக்கு எரியுமாம்,
பிள்ளைகள் பேயாய்ப் போய்க் கதவு தட்டுவார்களாம்,
பயந்தவர்கள் மிட்டாய் கொடுப்பார்களாம்.
‘பயப்படாதவங்க?’ என்றேன்.
‘அவங்களும் குடுக்கணும்மா. அதான் சட்டம்.’

பூசணியைப் பேயாக்குவது எனக்குப் புதுசில்லை.
இந்த மாதம்தான் ஃபெக்டரியில் ஆயுதபூசை.
குங்குமம் தடவி, தலையில் கற்பூரம் கொளுத்தி
ரோதமுனிக்கு முன்னால் போட்டு உடைத்தார்கள்.
சில்லுகளைத் தாண்டித்தான் வீட்டுக்கு வந்தோம்.
இவளுடைய பூசணியை உடைக்கக் கூடாதாம்.
அது சிரிக்க வேண்டுமாம், பல்லோடு.

நளீம் நானா கடையில் விலை கேட்டேன்.
‘முழுசாவா?’ என்று ஒரு மாதிரிப் பார்த்தார்.
கால் கிலோ கீற்று வாங்குகிறவள் நான்.
சரி, தோண்டியெடுப்பது இரண்டு நாள் கறிக்கு ஆகும்,
விதையை வறுக்கலாம்,
முகத்தை மறுநாள் ரீட்டா அக்காவின் ஆடு தின்னும்.
பேய்க்கென்று ஒன்றும் மிஞ்சாது.

அடுத்தது உடுப்பு.
இருக்கிற ஒரே பெட்ஷீட்டில் ரோசாப்பூ.
பூப்போட்ட பேய்க்கு யார் பயப்படுவார்?
கொழும்பு பேக்கரியில் நிற்கிற அவளுடைய அப்பா
நோர்வூட் பஸ்ஸில் மாச்சாக்கு நாலு போட்டுவிட்டார்.
துவைத்தும் போகவில்லை எழுத்து.
ஒவ்வொரு பேயின் முதுகிலும்
நிகர எடை ஐம்பது கிலோ.
எங்கள் பேய்களில் ஒன்றும் இருபதைத் தாண்டாது.

டிலுக்ஷன் ரத்தக்காட்டேரியாக வருவதாக இருந்தான்.
தேங்காய்ச் சில்லில் பல்கூடச் செதுக்கிவிட்டான்.
அதைக் காட்ட வந்த நேரம்
நான் வாசலில் உட்கார்ந்து
கெண்டைக்காலில் அட்டை பிடுங்கிக்கொண்டிருந்தேன்.
உப்புப் பட்டதும் ஒவ்வொன்றாய்ச் சுருண்டு விழுந்தது,
ரத்தம் மட்டும் நிற்கவில்லை.
கொஞ்ச நேரம் பார்த்தவன்
‘நான் எலும்புக்கூடா வாறேன் ஆன்ட்டி’ என்று போய்விட்டான்.
பல்லைத் தின்றுகொண்டே போனான்.

பனிக்குச் செலவில்லை.
ஆறு மணிக்குப் பீலிக்கரையிலிருந்து தானாக ஏறி வரும்.
இருட்டுக்கும் இல்லை,
மழை இரண்டு துளி விழுந்தால் கரண்ட் போய்விடும்.

பிறகு கதவுகளுக்கு வந்தோம்.
லயத்தில் பன்னிரண்டு.
ஒன்றாம் நம்பர் ரீட்டா அக்கா,
கல்லறைத் திருநாளுக்கு வாங்கி வைத்த மெழுகுதிரியில்
இரண்டு தருவாள்.
எட்டில் கைக்குழந்தை, தட்டக்கூடாது,
வாசலில் நின்று இருமினால் போதும்.
ஆறு.

ஆறில் கனகவள்ளி.
பீலியில் என் குடம் உருண்ட நாளிலிருந்து
ஒன்றேகால் வருடம் பேச்சில்லை,
பக்கத்துப் பக்கத்து நிரையில்தான் கொழுந்தெடுக்கிறோம்.
எங்கள் ஐந்துக்கும் அவள் ஆறுக்கும் நடுவே
ஒரு கல்லுச் சுவர்.
அவள் கறி தாளிக்க எங்களுக்குத் தும்மல் வரும்.

யதுஷிகா எழுதினாள்: ‘6. மொதல்ல தட்டணும்.’
வாங்கி அடித்தேன்.
திரும்ப எழுதினாள்.
அடித்தேன்.
மூன்றாம் தடவை பேனாவில் மை இல்லை.
ஊதினாள், உள்ளங்கையில் தேய்த்தாள்,
கடைசியில் வெறும் முனையாலேயே
அழுத்தி எழுதிவிட்டுப் படுக்கப் போனாள்.

கரண்ட் போயிற்று.
டோர்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் தெரிகிறது,
நிறமே இல்லாமல், பள்ளமாய், ஒரு ஆறு.
அடிக்க என்னிடமும் மை இல்லை.
சுவருக்கு அந்தப் பக்கம்
அவளும் தீப்பெட்டி தேடுகிற சத்தம்.

தாளைத் திருப்பினேன்.
முன்பக்கத்தில், கழிவுகளுக்கு நடுவில்,
இடவலம் மாறி
அது புடைத்துக்கொண்டிருந்தது.